குடியிருப்பு மக்களோடு சேர்ந்து ஸ்டுடியோ திட்டம் செய்வது எப்படி? நகரமைப்பு மாணவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

நகரமைப்புப் படிப்பில் ஏதாவது ஒரு செமஸ்டரில் "இந்த முறை ஸ்டுடியோவுக்கு நிஜமான கிளையண்ட்" என்று சொல்வார்கள். ஸ்டுடியோ என்பது ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு குழுவாகத் திட்டம் போட்டுப் பழகும் செய்முறைப் பாடம். பணம் கொடுத்து வேலை வாங்கும் நிறுவனம் அல்ல. ஒரு குடியிருப்போர் சங்கம், தெருவோர வியாபாரிகளின் கூட்டமைப்பு, ஒரு பள்ளியின் பெற்றோர் குழு, இப்படி யாராவது. இதை முதல் முறையாகச் செய்யப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என் முதல் திட்டத்தில் எங்கள் குழு பன்னிரண்டு பெரிய வரைபட ஷீட் போட்டது. மதிப்பெண் நன்றாகவே வந்தது. மூன்று மாதம் கழித்து அந்தச் சங்கத்தின் செயலாளரைப் பார்க்கப் போனேன். ஷீட்டுகள் சுருட்டியபடியே அலமாரியின் மேல் கிடந்தன. "இதைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனால் யார் தம்பி விரித்துப் பார்ப்பார்கள்? இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் போதுமே" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து, வேலை முடிந்த பிறகு அவர்கள் கையில் என்ன இருக்கும் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை.

படி 1: முதல் சந்திப்புக்கு வெறுங்கையோடு போங்கள்

வரைபடம், லேப்டாப், கேள்வித்தாள் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். வரைபடத்தை மேசையில் விரித்தால் பேச்சு உங்கள் பக்கம் வந்துவிடும். அவர்கள் தங்கள் தெருவைப் பற்றிப் பேசாமல் உங்கள் கோடுகளைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு திரும்பினால் அந்த நாள் வீணில்லை. இந்தச் சிக்கலுக்காக இதுவரை யாரிடம் போனார்கள், என்ன பதில் வந்தது? இது தொடர்பாக யாராவது சீக்கிரம் முடிவெடுக்கப் போகிறார்களா, எப்போது? இதற்கு முன் மாணவர்களோ ஆய்வாளர்களோ வந்து போயிருக்கிறார்களா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். திரும்பத் திரும்ப ஆய்வு செய்யப்படும் பகுதிகள் உண்டு. அதே கேள்விகளுக்கு ஐந்தாவது முறையாகப் பதில் சொல்லச் சொன்னால் அவர்களுக்குச் சலிப்பு வருவது நியாயம்தான். பழைய அறிக்கை எங்காவது இருந்தால் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இன்னொன்று. சங்கத்தில் இருப்பவர்கள்தான் அந்தப் பகுதி முழுவதும் என்று எண்ணிவிடக் கூடாது. சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும் உறுப்பினராக இருக்கலாம். வாடகைக்கு இருப்பவர்கள், அங்கே வேலைக்கு வந்து போகிறவர்கள், குழந்தைகள் எல்லாம் விடுபட்டிருப்பார்கள். யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். அந்தப் பட்டியல் பின்னால் வேண்டியிருக்கும்.

படி 2: ஒரே பக்கத்தில் ஒப்பந்தம்

என் கணக்கில் மற்ற எல்லாப் படிகளையும்விட முக்கியமானது இதுதான். நிறையப் பேர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

1969-இல் அமெரிக்காவின் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன், திட்டமிடலில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கீழ் இரண்டு படிகளில் பங்கேற்பு என்பது பெயருக்குத்தான். நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது ஆகிய மூன்றும் வரும். ஆறாவது படியில்தான் கூட்டாகச் செய்வது தொடங்குகிறது. அதற்கும் மேலே அதிகாரத்தை ஒப்படைப்பதும், மக்களே முடிவுகளைக் கையில் எடுப்பதும். நான் பார்த்த மாணவர் திட்டங்கள் பலவும் நான்காவது படியில், கருத்துக் கேட்பதோடு, நின்றுவிட்டவை. ஆறாவது படிக்கு ஏற வேண்டுமானால், எதை ஆராய்வது என்ற முடிவிலேயே அவர்களுக்குப் பங்கு வேண்டும்.

இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் நகரில் இலினாய் பல்கலைக்கழகம் 1987-இல் ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கியது. அங்கே எமர்சன் பார்க் பகுதி மக்கள் பல்கலைக்கழகத்தின் முன் சில நிபந்தனைகளை வைத்தார்கள். எந்தச் சிக்கலை எடுப்பது என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம், ஒவ்வொரு கட்டத்திலும் நாங்கள் இருப்போம், ஒரு பருவம் வந்துவிட்டுப் போய்விடக் கூடாது, பல ஆண்டுகள் கூட நிற்க வேண்டும், எங்களுக்கென்று ஓர் அமைப்பு உருவாக உதவ வேண்டும் என்றார்கள். பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. அந்த உறவு பல ஆண்டுகள் நீடித்தது. அங்கே பாடம் சொல்லித் தந்தது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? முதலில் கேள்வி, அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே. "பாதசாரி இணைப்பை மேம்படுத்துதல்" என்று எழுதாதீர்கள். "மழைக்காலத்தில் பிள்ளைகள் சாலையில் இறங்காமல் பள்ளிக்குப் போக வழி வேண்டும்" என்று எழுதுங்கள். அப்புறம், முடிவில் கொடுக்கப்போகும் பொருட்கள்: இரண்டு பக்கக் குறிப்பு, ஒரு வரைபடம், கணக்கெடுப்பு அட்டவணை, இப்படி எண்ணிச் சொல்லும்படி. செமஸ்டர் முடியும் தேதி. இரு பக்கமும் யார் பேசுவது என்ற பெயர். புகைப்படங்களும் தகவல்களும் யாருக்குச் சொந்தம், எங்கே வெளியிடலாம் என்பது.

கடைசியாக, எதையெல்லாம் செய்ய மாட்டோம் என்ற பட்டியல். நாங்கள் எதையும் கட்டித் தரப்போவதில்லை, அனுமதி வாங்கித் தரும் அதிகாரம் எங்களுக்கு இல்லை என்று தெளிவாக எழுதுங்கள். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் சொல்லாமல் விட்டால் அந்த எதிர்பார்ப்பு தானாக வளரும், கடைசியில் ஏமாற்றம் அவர்களுக்குத்தான்.

இதைப் பேராசிரியரிடமும் காட்டிவிடுங்கள். மதிப்பீட்டில் இந்தப் பொருட்களுக்கும் இடம் கேளுங்கள். இல்லாவிட்டால் கடைசி வாரம் முழுக்க ஜூரிக்கு, அதாவது திட்டத்தை மதிப்பிடும் குழுவுக்கு, ஷீட் போடுவதிலேயே போய்விடும்.

படி 3: ஏற்கெனவே இருப்பதைத் திரட்டுங்கள்

இது மேசை வேலை, ஒரு வாரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். நடப்பில் உள்ள நிலப் பயன்பாட்டுத் திட்டம், மக்கள்தொகைக் கணக்கு, பழைய வரைபடங்கள். அடிப்படை வரைபடத்துக்கு, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும், வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸும் போதும், இரண்டும் இலவசம். அவர்கள் பகுதி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சரியாக வரையப்படாமல் இருந்தால் நீங்களே திருத்திப் பதியலாம். அது அவர்களுக்கு நிலையாக மிஞ்சும் ஒரு நன்மை.

படி 4: அவர்களோடு நடங்கள்

மூன்று பேர், நான்கு பேர் கொண்ட சிறு குழுவாக நடங்கள். வழியை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். ஒருவர் பேசட்டும், ஒருவர் குறிக்கட்டும், ஒருவர் படம் எடுக்கட்டும். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், குழந்தைகள் என்றால் பெற்றோரிடம்.

பகலில் ஒரு முறை, இருட்டிய பின் ஒரு முறை. மழை பெய்தால் உடனே கிளம்புங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதை மழையிலேயே போய்ப் பார்ப்பதற்கு ஈடு இல்லை.

நடந்து முடிந்ததும் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, நினைவிலிருந்து அந்தப் பகுதியை வரையச் சொல்லுங்கள். நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச் அமெரிக்காவின் பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களில் இப்படி வரைய வைத்துத்தான், மக்கள் மனத்தில் நகரம் பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளம் என்ற ஐந்து கூறுகளாகப் பதிகிறது என்று 1960-இல் எழுதினார். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. எது பெரிதாக வந்திருக்கிறது, எது வரவே இல்லை என்று பாருங்கள். ஒரு பூங்காவை யாருமே வரையவில்லை என்றால், அது அவர்களுக்குப் பூங்காவாக இல்லை.

படி 5: எண்ணுங்கள், அளவெடுங்கள்

அவர்கள் சொல்லி வருகிற குறைக்கு எண்ணைச் சேர்த்துக் கொடுப்பதுதான் மாணவர்களால் செய்ய முடிகிற பெரிய உதவி. "ரொம்பக் கூட்டம்" என்றால் அலுவலகத்தில் தலையாட்டிவிட்டு விட்டுவிடலாம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை, காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் என்று எண்ணி எடுத்த அட்டவணைக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நகர வாழ்க்கையை ஆராய்ந்த வில்லியம் வைட் நியூயார்க்கின் பொதுச் சதுக்கங்களைப் படம் பிடித்து, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பொறுமையாக எண்ணினார். உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்பது அவர் கண்டது. கேட்க எளிதாக இருந்தாலும் 1975-இல் அந்நகரம் சதுக்கங்களுக்கான விதிகளை மாற்றியதற்கு அந்த வேலை காரணமாக இருந்தது.

சின்னக் கணக்கு எவ்வளவு சொல்லும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சிக்னலில் நடப்பவர்களுக்கு ஒதுக்கும் நேரத்தைக் கணக்கிட, விநாடிக்கு 1.2 மீட்டர் என்ற நடைவேகம் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. சாலை அகலம் 12 மீட்டர் என்றால் 10 விநாடி. வயதானவர் ஒருவர் விநாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் நடந்தால் அவருக்கு 15 விநாடி வேண்டும். பத்தாவது விநாடியில் அவர் எட்டாவது மீட்டரில், சாலையின் நடுவில் இருப்பார். ஒரு நாடாவும் கைபேசியில் உள்ள நிறுத்துக் கடிகாரமும் வைத்து இதை அரை நாளில் அளந்துவிடலாம்.

இன்னொன்று: 15 சென்டிமீட்டர் உயர நடைபாதைக்கு 1:12 சரிவில், அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்று, ஏறுதளம் வைத்தால் 1.8 மீட்டர் நீளம் வேண்டும். நடைபாதையே 1.5 மீட்டர் அகலம்தான் என்றால் அது குறுக்கே அடங்காது, நடைபாதையைத்தான் தாழ்த்த வேண்டும். ஷீட்டில் அழகாகச் சரிவு வரைந்துவிட்டு இதைப் பார்க்காமல் விடும் தவறு நிறைய நடக்கிறது.

படி 6: கூட்டம் போடுங்கள்

தேதியும் நேரமும் அவர்கள் சொல்வதுதான். உங்கள் வகுப்பு நேரத்துக்கு அவர்களை வரச்சொல்லாதீர்கள்.

மேடை வேண்டாம். ஆறேழு பேருக்கு ஒரு மேசை, ஒவ்வொன்றிலும் ஒரு மாணவர். மேசையில் 1:500 வரைபடம். அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஐந்து மீட்டர், தன் வீட்டு வாசலை ஒருவர் விரலால் தொட்டுக் காட்ட அது போதும். மேலே ட்ரேசிங் பேப்பர், தடித்த பேனா. முன்கூட்டியே முடித்த அழகான முப்பரிமாணப் படத்தை வைத்தால், எல்லாம் முடிவாகிவிட்டது என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள்.

யாரும் பேசாமல் இருந்தால் அவசரப்படாதீர்கள். ஒரே ஆள் பேசிக்கொண்டிருந்தால், "சரி ஐயா, குறித்துக்கொண்டேன்" என்று சொல்லி அவர் கண்முன்னே எழுதிவிட்டு அடுத்தவரிடம் திரும்புங்கள். படி 1-இல் எழுதிய விடுபட்டவர்கள் பட்டியலை இப்போது எடுங்கள். அவர்கள் கூட்டத்துக்கு வர மாட்டார்கள். நீங்கள்தான் கடைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் வரைபடத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

படி 7: ஒன்றல்ல, மூன்று வழிகள்

ஒரே யோசனையைக் கொண்டுபோனால் ஆம், இல்லை என்று மட்டுமே சொல்ல முடியும். மூன்று கொண்டுபோனால் கலந்து பேசலாம். ஒன்று அவர்களே நாளைக்குத் தொடங்கக்கூடியது. இன்னொன்று உள்ளாட்சியின் சிறிய ஒதுக்கீட்டில் முடியக்கூடியது. மூன்றாவது பல ஆண்டு எடுப்பது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் அனுமதி தர வேண்டும், அதனால் யாருக்கு இடைஞ்சல் என்று எழுதுங்கள். நடைபாதை அகலமானால் கடை போடும் ஒருவர் இடம் இழக்கலாம். அதை மறைத்து வரைவது நேர்மையல்ல.

படி 8: கையளிப்பு

ஜூரிக்கு முன்பே அவர்களிடம் வரைவைக் காட்டித் திருத்தம் வாங்குங்கள். தெருப் பெயர் தவறாக இருந்தாலும் அவர்கள்தான் கண்டுபிடிப்பார்கள். ஜூரிக்கும் அவர்களை அழையுங்கள், பேச நேரம் கொடுங்கள்.

கொடுக்கும்போது: இரண்டு பக்கக் குறிப்பு, அவர்கள் பேசும் மொழியில், சாதாரணத் தாளில் நகல் எடுக்கும்படி கறுப்பு வெள்ளையில். அட்டவணையும் படங்களும் யாரும் திறக்கக்கூடிய வடிவத்தில் ஒரு பென் டிரைவில். அடுத்து எந்த அலுவலகத்துக்கு, எந்த மனுவோடு போவது என்ற வரிசை. குறிப்பில் முதல் பெயராகச் சங்கத்தின் பெயர் இருக்கட்டும், உங்கள் பெயர்கள் கீழே.

அப்புறம் உங்கள் நாட்காட்டியில் மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியைக் குறியுங்கள். அன்று போன் செய்து, அந்த இரண்டு பக்கத்தை எங்கே கொடுத்தார்கள், என்ன கேட்டார்கள் என்று விசாரியுங்கள். ஏதாவது எண் கூடுதலாகத் தேவைப்பட்டால் எடுத்துக் கொடுங்கள். அடுத்த ஆண்டு அதே பகுதிக்கு வரும் மாணவர்களிடம் அந்தப் பதிலை எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவர்கள் படி 1-இலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.