ஃபைபர் படகின் வலை அறைக்கு மெத்தை அமைக்கும் முறை

கடலில் தப்பிய வலை பல நேரங்களில் படகுக்குள் கிடந்தே அறுபடுகிறது. அலையில் படகு எழுந்து விழும்போதெல்லாம் ஈயக்குண்டுகள் வலை அறையின் தளத்தில் மோத, இடையில் அகப்பட்ட கண்ணிகள் நசுங்குகின்றன. அறையின் விளிம்பில் பிசின் தேய்ந்து கண்ணாடி இழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், வலையை வாரும்போதும் விடும்போதும் அது வலையின் நைலான் நரம்பைக் கீறிக்கொண்டே இருக்கும். வலையின் விலையோடு ஒப்பிட்டால் இதைத் தடுக்க ஆகும் செலவு மிகக் குறைவு.

முதலில் அறையை நன்னீரால் கழுவி, நன்றாகக் காயவிடவும். பழைய நைலான் துணி ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு சுவர், மூலை, விளிம்பு எங்கும் மெதுவாகத் தடவிப் பார்க்கவும். துணி எங்கே இழுபடுகிறதோ அங்கேதான் வலையும் மாட்டும். அந்த இடங்களை 80 எண் உப்புத்தாளால் தேய்த்து, இழை வெளியே தெரிந்தால் பிசின் பூசி அடைக்கவும். தேய்க்கும்போது எழும் தூசி தோலில் அரிப்பை உண்டாக்கும். மூச்சுக்குள்ளும் போகக் கூடாது. ஆகையால் முகக்கவசமும் கையுறையும் அவசியம்.

எந்தப் பொருளை விரிப்பது என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். மெத்தைக் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்பாஞ்சு தண்ணீரைக் குடித்துப் பாரமாகி, உப்பையும் மீன் கழிவையும் தனக்குள் தேக்கி நாறத் தொடங்கும். தெர்மாகோல் பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும். பசையில் உள்ள கரைப்பானும் அதை அரிக்கும். இவற்றைத் தவிர்த்து, நுண்ணறைகள் மூடியிருப்பதால் நீரை உறிஞ்சாத ஈ.வி.ஏ. ஃபோம் தாளை வாங்கவும். தளத்துக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் தடிமனும், சுவருக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டரும் போதும். கட்டைவிரலால் அழுத்தி விட்டால் உடனே பழைய நிலைக்கு மீள வேண்டும். பள்ளம் அப்படியே நின்றால் அது ஈயத்தின் எடையைத் தாங்காது. ஒரு துண்டை இரவு முழுவதும் உப்புநீரில் அமுக்கி வைத்து, காலையில் துடைத்துப் பிழிந்தால், நல்ல தாளிலிருந்து நீர் சொட்டாது.

சுவர்த் துண்டுகளை ரப்பர் பசையால் ஒட்டவும். இரு பரப்பிலும் மெல்லியதாகப் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்கு, பொதுவாகப் பத்துப் பதினைந்து நிமிடம், காயவிட்டு, ஒரு முனையிலிருந்து காற்று அடைபடாமல் அழுத்திக்கொண்டே வர வேண்டும். திருகாணி எதையும் முடுக்க வேண்டாம். அது மிதப்பு அறையைத் துளைத்தால் நீர் உள்ளே இறங்கி, ஆபத்து நேரத்தில் படகைத் தாங்க வேண்டிய பகுதியே கெட்டுவிடும்.

தளத்துத் தாளை ஒட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒட்டிய தாளின் ஓரம் எப்படியும் ஒருநாள் பெயரும். அதன் அடியில் தேங்கும் நீரை வெளியேற்ற வழியிருக்காது. ஒருவர் தூக்கக்கூடிய இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டி, சுவரோடு இறுக்கமாகப் பொருந்துமாறு வைத்தால் அவை நகராது. வடிகால் துளையைச் சுற்றி நான்கு விரல் அகலம் இடம் விட்டு வெட்டவும். தாளின் அடிப்புறத்தில் அந்தத் துளையை நோக்கி ஆழமில்லாத வரிகளைக் கீறிவிட்டால் நீர் தடையின்றி ஓடும்.

விளிம்புக்குப் பழைய தோட்டத்துக் குழாயே போதும். நீளவாக்கில் கிழித்து விளிம்பின் மேல் கவிழ்த்து, உள்ளே பசை தடவி அழுத்தினால் வலை வழுக்கிக்கொண்டு போகும். தூண்டில் முட்களைக் குத்தி வைக்கத் தனியாக ஒரு ஃபோம் பட்டையை அறைக்கு வெளியே கட்டவும். முள் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் கூர் அதை விரைவில் கிழித்துவிடும் என்பதால், அவிழ்த்து மாற்றும்படி கயிற்றால் கட்டுவது நல்லது.

ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் தளத் துண்டுகளைத் தூக்கி நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்தவும். ஈயம் விழும் பக்கம்தான் முதலில் மெலியும். அந்தத் துண்டை மட்டும் புதிதாக வெட்டிப் போட்டால் போதும்.