புரொஜெக்டர் இருக்கிறது, ரிமோட் எங்கே? பள்ளி நூலகத்தில் துணைப்பொருள்களைக் கணக்கில் வைக்கும் முறை

பள்ளி நூலகத்திலிருந்து புரொஜெக்டர் தொலைந்ததாகக் கேள்விப்படுவது அரிது. அதன் பவர் கார்டு, ரிமோட், எச்டிஎம்ஐ கேபிள், லென்ஸ் மூடி ஆகியவைதான் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. கருவிக்கு இருப்புப் பதிவேட்டில் தனி வரி உண்டு. துணைப்பொருள்களோ ‘உதிரிகளுடன்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதால், எவை இருந்தன, எவை இல்லை என்று பின்னால் யாராலும் சொல்ல முடிவதில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டப் பள்ளிகளில் நூலகப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் ஆசிரியர்களுக்காக எழுதப்படும் இந்த விளக்கத்திற்கு மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஒரு நீளக் குறிப்பேடு, அழியாத மை மார்க்கர், வண்ண இன்சுலேஷன் டேப், சில பைகள் ஆகியவை போதும்.

படி 1: ஜோடி சேர்த்தல்

மாணவர்கள் இல்லாத ஒரு பிற்பகலில் எல்லாப் பொருள்களையும் நீளமான மேசையில் பரப்பி, ஒவ்வொரு கேபிளையும் உரிய கருவியில் பொருத்தி இயக்கிப் பாருங்கள். இதில் மிகுந்த கவனம் வேண்டியது அடாப்டர்களிடம். உருண்டை முனை ஒன்றுபோலவே இருந்தாலும் ஒன்று 12 வோல்ட் தருவதாகவும் மற்றொன்று 19 வோல்ட் தருவதாகவும் இருக்கக்கூடும். முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிட்டால் ஸ்பீக்கரோ கேமராவோ கருகிப்போகலாம். அடாப்டரின் முதுகில் ‘அவுட்புட்’ என்று அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவும், கூட்டல் கழித்தல் முனைக் குறியும் கருவியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் அளவு கருவி கேட்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம்.

கணினியின் படத்தைப் புரொஜெக்டருக்குக் கொண்டுசெல்லும் விஜிஏ கேபிளின் முனையில் மூன்று வரிசையாக 15 ஊசிகளுக்கு இடம் இருக்கும். வளைந்த ஊசி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஆனால் நடு வரிசையில் ஓர் ஊசி சில கேபிள்களில் தயாரிப்பிலேயே இருக்காது. அதை உடைந்த கேபிள் என்று எண்ணிக் கழித்துக்கட்ட வேண்டாம்.

படி 2: எண் கொடுத்தல்

கருவியின் எண்ணைத் தாய் எண்ணாகவும் துணைப்பொருளின் எண்ணை அதன் கிளையாகவும் அமைத்துக்கொள்ளுங்கள். முதல் புரொஜெக்டர் ‘பு1’ என்றால், அதன் பவர் கார்டு ‘பு1-1’, ரிமோட் ‘பு1-2’, லென்ஸ் மூடி ‘பு1-3’ என்று தொடரும். நடைவழியில் கிடக்கும் ஒரு ஒயரை எடுத்துப் பார்ப்பவருக்கு அது எந்தக் கருவியைச் சேர்ந்தது என்பது அப்போதே தெரிந்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போன்ற, எல்லாக் கருவிக்கும் பொதுவான பொருள்களுக்கு மட்டும் தனி வரிசை எண் கொடுக்கலாம். ரிமோட்டுக்கான செல்களுக்கு எண் வேண்டாம். அவை தீர்ந்துபோகும் பொருள்கள் என்பதால், வாங்கிய நாளையும் போட்ட நாளையும் வேறொரு பக்கத்தில் குறித்தால் போதும்.

வெறும் காகித ஸ்டிக்கர் டெல்டாவின் ஈரக்காற்றில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவது கடினம். எண்ணை எழுதிய காகிதத் துண்டைக் கேபிளைச் சுற்றிக் கொடிபோல் ஒட்டி, அதன் மேல் ஒளிபுகும் டேப்பை முழுவதும் சுற்றிவிடுங்கள். இதைக் கேபிளின் இரு முனைகளிலும் செய்ய வேண்டும், ஏனெனில் கழற்றுபவர் கையில் எந்த முனை அகப்படும் என்று சொல்ல முடியாது. ரிமோட்டில் வெளியே எழுதுவதோடு, செல் போடும் மூடிக்கு உள்புறமும் எழுதிவிடுங்கள். வெளி எழுத்து விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்துவிடும். ஒரு கருவிக்கு ஒரு நிற இன்சுலேஷன் டேப் என்று வைத்துக்கொண்டால், எண்ணைப் படிக்காமலே ஏழாம் வகுப்பு மாணவர்கூடப் பிரித்து அடுக்குவார்.

படி 3: பையும் படமும்

ஒரு கருவியின் துணைப்பொருள்கள் அனைத்தும் ஒரே பையில் இருக்க வேண்டும். ஜவுளிக்கடையில் கொடுக்கும் மஞ்சப்பையே இதற்குப் போதுமானது. பைக்குள் இருக்க வேண்டியவற்றை எண் தெரியும்படி பரப்பி ஒரு படம் எடுத்து, அச்சிட்டு, லேமினேட் செய்து பையின் காதில் கட்டிவிடுங்கள். எழுத்துப் பட்டியலைவிடப் படம் வேகமாக வேலை செய்கிறது. ‘வாசகரின் நேரத்தைச் சேமியுங்கள்’ என்பதை நூலக இயலின் விதிகளுள் ஒன்றாக 1931-இல் வகுத்தளித்த எஸ். ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். அந்த விதி புத்தகத்துக்கு மட்டும் உரியதன்று.

படி 4: பதிவேடும் திரும்பப் பெறுதலும்

இந்த முறையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. நாள், தாய் எண், வெளியே சென்ற பொருள்களின் எண்ணிக்கை, பெற்றவர் பெயரும் வகுப்பும், கையொப்பம், திரும்பிய நாள், திரும்பிய எண்ணிக்கை, சரிபார்த்தவர் சுருக்கொப்பம் என்று பத்திகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். பல பள்ளிகளில் கொடுக்கும்போது கவனமாகக் கையொப்பம் வாங்குகிறார்கள். திரும்பி வரும்போதோ, மணி அடித்துவிட்டது என்று பையை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். பொருள் தொலைவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். கொண்டுவந்தவர் எதிரிலேயே பையைக் கவிழ்த்து, படத்தோடு ஒப்பிட்டு எண்ணிய பிறகே சுருக்கொப்பம் இட வேண்டும். ஆறு சென்று ஐந்து திரும்பினால், ‘ஐந்து, பு1-3 வரவில்லை’ என்று அப்போதே எழுதுங்கள். லென்ஸ் மூடி வகுப்பறை ஜன்னல் திட்டில் இருப்பது அன்றைக்கு அவருக்கு நினைவிருக்கும். அடுத்த வாரம் இருக்காது. இது அவர்மீது சந்தேகம் கொள்வதாகாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதும், தலைமை ஆசிரியர் வாங்கும்போதும் இதே வழக்கத்தைக் கடைப்பிடிப்பதும் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

ஆண்டு விழா, குடியரசு தினம் போன்ற நாள்களில் மைக்கும் ஸ்பீக்கரும் கை மாறிக் கை மாறிச் செல்லும். அன்று ஒரே ஒருவர் பெயரில் மட்டும் வழங்குங்கள்.

படி 5: மழைக்காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை துணிப்பை ஈரத்தை உறிஞ்சும். செப்பு முனைகளில் பச்சை பூக்கும். அந்த மாதங்களில் பைகளை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைக்கலாம். நனைந்த கேபிளை மட்டும் உலர்த்தாமல் உள்ளே வைக்கக் கூடாது. நீண்ட விடுமுறைக்கு முன் ரிமோட்டிலிருந்து செல்களைக் கழற்றிவிட்டால், அவை கசிந்து உள்ளே இருக்கும் தகடுகளை அரிக்காது. 2018 நவம்பரில் கஜா புயலின்போது நடந்ததுபோல், டெல்டாவில் பள்ளிக் கட்டடம் நிவாரண முகாமாக மாறுவதும் உண்டு; பெட்டிகள் ஒருவர் தூக்கும் எடையில், அலமாரியின் மேல்தட்டில் இருந்தால், அறையை ஒரே மூச்சில் காலி செய்துவிடலாம்.

படி 6: யாருடையது என்று தெரியாதவை

எண்ணில்லாத ஒயர்கள் எப்படியும் வந்து சேரும். அவற்றைத் தனிப் பெட்டியில் போட்டு, கிடைத்த நாளையும் இடத்தையும் சீட்டில் எழுதிக் கட்டுங்கள். பருவ இறுதியில் கணினி ஆய்வகப் பொறுப்பாளரை அழைத்து ஒருமுறை பார்க்கச் சொல்வது அவசியம், ஏனெனில் கணினியின் பவர் கார்டும் பல புரொஜெக்டர்களின் பவர் கார்டும் ஒரே வகை. உரிமையாளர் கிடைக்காத, ஆனால் நன்றாக வேலை செய்யும் கேபிளுக்குப் பொது வரிசையில் எண் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். பழுதானதைத் தலைமை ஆசிரியரின் கையொப்பத்தோடு கழிவு செய்து, அந்த எண்ணை வேறு பொருளுக்கு மறுபடி கொடுக்காமல் விட்டுவிடுங்கள்.