தியானத்தில் இருக்க முதல் மூச்சை விடப் பழகுங்கள்

யோகா, தியானம் என்றால் எங்கள் ஊரில் பெரும்பாலும் சொல்லிக் கொடுப்பது இதுதான்: சப்பாணி கட்டி இரு, கண்ணை மூடு, மனதை அடக்கு. சிலருக்கு இது சரிவரும். ஆனால் யாழ்ப்பாணத்தில் நாற்பது வயதைத் தாண்டிய பெரும்பாலானவர்களுக்குள்ளே ஒரு இடப்பெயர்வோ, ஷெல் சத்தமோ, திரும்பி வராத ஒரு உறவோ கிடக்கிறது. அப்படிப்பட்டவர் சத்தம் இல்லாத இடத்தில் கண்ணை மூடி இருந்தால் சில வேளை அதுதான் முதலில் மேலே வரும், நெஞ்சு பதகளிக்கும், வியர்க்கும், எனக்குத் தியானம் சரிவராது என்று எழும்பிப் போய்விடுவார். தொடங்கிய வரிசைதான் பிழை. முதலில் உடம்பு, பிறகு மூச்சு, கண்ணை மூடுவது கடைசியில்.

நேரம், விடிய வெள்ளென. சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்கே வெக்கை தொடங்கிவிடும். விடியச் சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவது என்று ஓடுகிறவர்கள் பின்னேரம் செய்யலாம், சாப்பிட்டு இரண்டு மூன்று மணித்தியாலம் போயிருந்தால் போதும். விறாந்தையில் ஒரு பாய் விரியுங்கள். முதுகு சுவர்ப் பக்கமும் முகம் வாசல் பக்கமும் இருக்கட்டும், யார் வருகிறார்கள் என்று தெரிந்தால் உடம்பு தானாகவே கொஞ்சம் இளகும். போனைச் சத்தம் நிறுத்தி அறைக்குள் வைத்துவிடுங்கள், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் எடுத்தால் கால் மணித்தியாலம் கழித்து நீங்களே எடுக்கலாம்.

முதல் ஐந்து நிமிடம் உடம்புக்கு. நேராக நின்று, மூச்சை இழுத்தபடி கைகளை மேலே உயர்த்தி, விட்டபடி இறக்குங்கள். ஐந்தாறு தரம் போதும். பிறகு நான்கு காலில் நிற்கிற மாதிரி கையையும் முழங்காலையும் பாயில் ஊன்றி, மூச்சை விடும்போது முதுகைப் பூனை மாதிரி வளைத்து, இழுக்கும்போது வயிற்றைக் கீழே தளர்த்துங்கள். நாரிப்பிடிப்பு உள்ளவர்கள் மெதுவாகச் செய்யவேண்டும். முழங்கால் மடங்காத அம்மாமாரும் அப்பாமாரும் கதிரையில் இருந்து தோளைச் சுழற்றினாலே சரி. தலைகீழாக நிற்பது, காலைத் தூக்கிக் கழுத்தில் போடுவது எல்லாம் மனப் பாரத்தைக் குறைக்கத் தேவையே இல்லை.

இனி மூச்சு. இதில்தான் நான் அதிகம் அழுத்திச் சொல்வேன். மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கும், விடும்போது கொஞ்சம் மெதுவாகும், இது எல்லோருடைய உடம்பிலும் இயல்பாக நடப்பது. மூளையின் அடியிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்குகிற வேகஸ் என்ற நரம்புதான் இதயத்தை மெதுவாக்குகிறது. அதனால் விடுகிற மூச்சை நீட்டினால் பயத்தில் விறைத்திருக்கிற உடம்பு மெல்லத் தளரும். மனதோடு வாதாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், "யோசிக்காதே" என்று சொன்னால் அது இன்னும் யோசிக்கும். மூச்சுக்கு அந்த வாதாட்டம் தேவையில்லை.

செய்வது இப்படி: ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுங்கள், கை வெளியே தள்ளப்படவேண்டும், தோள் உயரக்கூடாது. ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். இடையில் அடக்கவேண்டாம். ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம் இப்படி இருங்கள், கண் திறந்தே இருக்கட்டும், முற்றத்துச் செவ்வரத்தையையோ சாமிப்பட விளக்கையோ பார்த்தபடி. நான்கும் ஆறும் கடினமாக இருந்தால் மூன்றும் நாலுமாகத் தொடங்குங்கள், திணறுகிற மாதிரி ஒருநாளும் செய்யவேண்டாம். திருமந்திரத்தில் 16 மாத்திரை நேரம் (மாத்திரை என்பது கண்ணிமைக்கிற அளவு நேரம்) இழுத்து 64 அடக்கி 32 விடுகிற கணக்கு வருகிறது, அதைப் படித்துவிட்டுத் தனியே முயற்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அது குருவோடு இருந்து நெடுங்காலம் பழகியவர்களுக்கானது. அதேபோல் வேகமாக வயிற்றை உதறுகிற கபாலபாதியும் பிரஷர், வலிப்பு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அடிக்கடி பதகளிப்பு வருகிறவர்களுக்கும் வேண்டாம்.

இரவில் நித்திரை வராமல் புரளுகிறவர்களுக்குப் பிராமரி என்ற மூச்சுப் பயிற்சி நல்லது. வாயை மூடி, விடுகிற மூச்சில் வண்டு இரைகிற மாதிரி "ம்ம்ம்" என்று நீட்டுங்கள், ஏழெட்டுத் தரம். மூச்சு தானாக நீளும், எண்ணத் தேவையில்லை, அதனால் பிள்ளைகளுக்கும் இது பிடிக்கும். உயர்தரப் பரீட்சை நெருங்குகிற மாதங்களில் ரியூசனுக்கும் வீட்டுக்கும் ஓடுகிற பிள்ளையிடம் போய்த் தியானம் செய் என்று சொன்னால் அது இன்னொரு பாடமாகத்தான் தெரியும். புத்தகத்தை விரிக்க முதல் இதை இரண்டு நிமிடம் சேர்ந்து செய்யுங்கள்.

இரண்டு கிழமை இப்படிப் போன பிறகு, கண்ணை மூடித் தியானத்தில் இருக்கலாம். மூச்சு மூக்கில் படுவதைக் கவனியுங்கள், அல்லது ஒரு சொல்லைப் பிடியுங்கள். சைவர்களுக்கு ஐந்தெழுத்து, குருநகரிலும் பாசையூரிலும் இருக்கிற கத்தோலிக்கர்களுக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிற திக்ர். பல வருடம் இங்கே மனநல மருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரவர் சமயத்தில் உள்ளதையே மனத்தளர்வுப் பயிற்சியாக எடுக்கச் சொன்னவர். மனம் ஓடும். கடன், வீசா, கல்யாணம் என்று போகும். ஓடியதைக் கண்டு திரும்பவும் கொண்டுவந்து விடுகிறீர்களே, பயிற்சி அதுதான், ஐந்து நிமிடத்தில் ஐம்பது தரம் ஓடினாலும் ஐம்பது தரம் பயிற்சி செய்ததாகவே கணக்கு. யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமிகள் "சும்மா இரு" என்றார் என்று எல்லோரும் சொல்வோம், ஆனால் கொழும்புத்துறை இலுப்பை மரத்தடியில் அவர் வருடக்கணக்கில் இருந்த இருப்பையும் சேர்த்து நினைக்கவேண்டும். நாங்கள் முதல் கிழமையிலேயே அதை எதிர்பார்ப்பது சரியில்லை.

இருக்கும்போது பழைய காட்சி ஏதும் வந்து பிடித்தால், தாங்கிக்கொண்டு இருக்கவேண்டாம். கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் நன்றாக ஊன்றி, கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்: கதவு, வாளி, கொடியில் காயும் துவாய், எதுவானாலும். கிணற்றடியில் முகம் கழுவுங்கள். அன்றைக்கு அவ்வளவு போதும், அடுத்த நாள் உடம்புப் பயிற்சியோடு நிறுத்துங்கள்.

யோகா மனச்சோர்வையும் பதற்றத்தையும் ஓரளவு குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன, ஆனால் மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்தோடும் உளவளத் துணையோடும் சேர்ந்து. கிளினிக் குளிசை எடுக்கிறவர்கள், மூச்சுப் பயிற்சி செய்யச் சுகமாக இருக்கிறது என்று டொக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. காதில் குரல் கேட்கிறவர்கள், மனம் அளவுக்கு மீறி உச்சத்துக்குப் போய் வருகிற வருத்தம் உள்ளவர்கள், நாள்கணக்கான மௌனப் பயிற்சிகளுக்குப் போக முதல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு கிழமைக்கு மேலாக ஒன்றிலும் விருப்பமில்லாமல், நித்திரையும் சாப்பாடும் கெட்டுப் போயிருந்தால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே. 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி எண்ணுக்கு வீட்டிலிருந்தே எடுக்கலாம். ஆட்கள் என்ன சொல்வார்களோ என்று பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம்.

வகுப்புக்குப் போய்ப் பழக விரும்பினால், ஆசிரியரிடம் முதலே கேளுங்கள்: கண்ணைத் திறந்து வைத்திருக்கலாமா, முடியாவிட்டால் இடையில் எழும்பலாமா? முகம் சுளிக்காமல் ஓம் என்கிறவரிடம் போங்கள்.