கிளைச் சிறைக் கணக்கை ஆர்டிஐ மூலம் கேட்பது எப்படி?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வருடாந்திரச் சிறை அறிக்கை, டிசம்பர் 31 அன்று எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்பதைத்தான் காட்டும். கிருஷ்ணகிரி கிளைச் சிறையில் மே மாதம் எவ்வளவு நெரிசல் என்று தெரிய, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனு போட்டே ஆக வேண்டும்.

வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கிருஷ்ணகிரிக்கு என்றால் பொதுத் தகவல் அலுவலர், மத்திய சிறை, சேலம் என்று அனுப்புங்கள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், 6(3) பிரிவுப்படி 5 நாளுக்குள் அவர்களே அங்கே அனுப்ப வேண்டும். ஸ்பீட் போஸ்ட்தான் நல்லது. மனு போய்ச் சேர்ந்த தேதியிலிருந்துதான் 30 நாள் கணக்கு. டிராக்கிங் பக்கத்தை அன்றே பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

பலர் சறுக்குவது கேள்வியில்தான். "ஏன் இவ்வளவு நெரிசல்?" என்று கேட்டால், விளக்கம் தருவது சட்டத்தில் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கைதிகளின் பெயர் கேட்டால், தனிநபர் தகவலை மறுக்க இடம் தரும் 8(1)(j) பிரிவு வந்து நிற்கும். பதிவேட்டில் இருக்கும் எண்ணை மட்டும் இப்படிக் கேளுங்கள்:

"2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை, ஒவ்வொரு மாதமும் கடைசி நாளில் இருந்த விசாரணைக் கைதிகள், தண்டனைக் கைதிகள் எண்ணிக்கை, சிறைவாரியாக. ஒவ்வொரு சிறையின் அனுமதிக்கப்பட்ட கொள்ளளவு."

"பிஎன்எஸ்எஸ் 479(3) பிரிவின்படி நீதிமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பங்கள், மாதவாரியாக."

இரண்டாவது கேள்வியை விடவே விடாதீர்கள். பிஎன்எஸ்எஸ் என்பது இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம். குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தையும், இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் மூன்றில் ஒரு பங்கையும் விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், விடுவிக்கக் கோரி நீதிமன்றத்துக்கு எழுதுவது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும் பல வழக்குகள் உள்ளவருக்கும் இது பொருந்தாது. ஆண்டு முழுக்கப் பூஜ்யம் என்று பதில் வந்தால், விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு நகலை அடுத்த மனுவில் கேளுங்கள். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அது. ஆட்சியரும் எஸ்பியும் உறுப்பினர்கள்.

எண்கள் வந்ததும் சிறைகளைச் சேர்த்துக் கூட்டாதீர்கள். உதாரணத்துக்கு, 60 பேர் கொள்ளும் ஒரு சிறையில் 81 பேர். அது 135 சதவீதம். அதே அளவுள்ள இன்னொன்றில் 30 பேர். இரண்டையும் கூட்டினால் 92.5 சதவீதம் என்று வரும், நெரிசலே இல்லாத மாதிரி.

பின்சேர்க்கை: 30 நாளில் பதில் இல்லையா? அடுத்த 30 நாளுக்குள் அதே துறை மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். உள்ளே ஒருவர் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தால் 7(1) பிரிவுப்படி 48 மணி நேரம்தான் கெடு. அதை மனுவின் தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் குறிப்பிடுங்கள்.