ஒரே எழுத்தில் ஐம்பது வார்த்தை: ஆங்கிலச் சொல் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி தேர்வு, வங்கித் தேர்வு என்று வருகிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். புது பேட்ச் தொடங்கியதும் முதல் வேலையாக அவர்களுடைய வார்த்தை நோட்டை வாங்கிப் பார்ப்பேன். முக்கால்வாசி நோட்டு ஒரே அச்சுதான். மேலே பெரிதாக 'ஏ' என்று எழுதி, ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் போட்டு, அபேட், அபெட், அப்ஹார், அப்ரோகேட் என்று வரிசையாக ஐம்பது வார்த்தை, எதிரே தமிழ் அர்த்தம். அடுத்த பக்கம் 'பி'. நாங்கள் படித்த காலத்திலும் இதே கூத்துதான், ஸ்கெட்ச் பேனா மட்டும் கிடையாது.

தினமும் படியுங்கள், படித்ததைத் திருப்பிப் பாருங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்கிறார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

ஒரு நாளைக்கு ஓர் எழுத்து

26 எழுத்து, 26 நாள், முடிந்தது கதை என்று கணக்குப் போடுகிறார்கள். ஆங்கில அகராதியைக் கையில் எடுத்துப் புரட்டினால் தெரியும்: எஸ்ஸுக்குத்தான் பக்கம் அதிகம், சியும், பென்னுக்கு வருகிற பியும் அதற்கு அடுத்து. எக்ஸ் தொடங்குவதற்குள் முடிந்துவிடும். இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு நாள் என்றால் அது டைம்டேபிளே இல்லை.

உருவம் ஒத்தவற்றை ஒரே நாளில் படிப்பது

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரவழைக்கிற தவறு. சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது.

பிரிஸ்க்ரைப் என்றால் மருந்து எழுதிக் கொடுப்பது, இப்படிச் செய் என்று விதிப்பது. புரோஸ்க்ரைப் என்றால் தடை செய்வது. ஒன்று பி-ஆர்-இ, இன்னொன்று பி-ஆர்-ஓ. எழுத்தில் அவ்வளவுதான் வித்தியாசம், அர்த்தமோ எதிரும் புதிரும். நன்றாகப் படிக்கிற பையன் ஒருவன் இரண்டையும் ஒரே ராத்திரியில், அடுத்தடுத்த வரியில் படித்துவிட்டு வந்தான். மறுநாள் காலையில் கேட்டேன், டக்கென்று சொன்னான். கொஞ்ச நாள் கழித்து மாக் டெஸ்ட். டாக்டர் நோயாளிக்கு ஆன்டிபயாட்டிக்கை என்ன செய்தார் என்று நிரப்ப வேண்டிய வாக்கியம். பையன் புரோஸ்க்ரைபை டிக் அடித்திருக்கிறான். டாக்டர் மருந்தைத் தடை செய்துவிட்டார்!

"ரெண்டும் தெரியும் சார். எது எதுன்னுதான் குழம்பிடுச்சு" என்றான்.

அவன் சொன்னது உண்மை. வயிற்றெரிச்சலே அதுதான். இரண்டு வார்த்தையும் தெரியும், இரண்டு அர்த்தமும் தெரியும், எந்த அர்த்தம் யாருக்கு என்பது மட்டும் தெரியாது. அந்த வார்த்தைகளைக் கேள்வியே படாதவன் கேள்வியைத் தாண்டிப் போயிருப்பான். எஸ்எஸ்சி நடத்துகிற சிஜிஎல் என்ற பட்டதாரிகளுக்கான தேர்வின் முதல் கட்டத்தில் சரியான விடைக்கு 2 மார்க், தப்பான விடைக்கு 0.50 கழிவு. படிக்காதவனுக்குப் பூஜ்யம், ராத்திரி கண்விழித்துப் படித்தவனுக்கு மைனஸ்.

இவன் ஒருத்தனோடு போகவில்லை. பெர்சிக்யூட், பிராசிக்யூட். இன்ஜீனியஸ், இன்ஜென்யுவஸ். அடாப்ட், அடெப்ட், அதே சொல்லில் நடுவே ஓ போட்டு எழுதினால் தத்தெடுப்பது என்று அர்த்தம் தருகிற இன்னொன்று. கன்சிடரபிள், கன்சிடரேட். சுறுசுறுப்பான உழைப்பாளி என்று சொல்ல நினைத்து, 'ஐ ஆம் அன் இண்டஸ்ட்ரியல் பெர்சன்' என்று ஒரு பெண் தன்னைப் பற்றி எழுதிக் கொண்டுவந்தாள். இண்டஸ்ட்ரியஸ் என்று வரவேண்டியது. இரண்டும் அவள் நோட்டில் 'ஐ' பக்கத்தில், ஒன்றின் தலையில் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

இஸ்ரேலில் ஹைஃபா பல்கலைக்கழகத்து மொழியியலாளர் பத்யா லாஃபர் 1980களிலேயே இந்தக் குழப்பத்தை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். முன்னொட்டு மட்டும் மாறுவது, பின்னொட்டு மட்டும் மாறுவது, நடுவில் ஓர் உயிரெழுத்து மட்டும் மாறுவது என்று ஒத்த உருவச் சொற்களை வகை பிரித்துக் காட்டினார். இந்த ஜோடிகளில் பெரும்பாலானவற்றுக்கு முதல் எழுத்து ஒன்றுதான். எழுத்து வாரியாகப் பட்டியல் போட்டால், தள்ளித் தள்ளி உட்கார வைக்க வேண்டியவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தது போல ஆகிவிடும்.

அகர வரிசை என்பதே தேடுவதற்காக வந்த ஏற்பாடு. 1604இல் ராபர்ட் காட்ரி என்பவர் லண்டனில் வெளியிட்ட ஆங்கில அகராதியில், ஏயில் தொடங்கும் சொல்லை முன்பக்கத்தில் பார், வியில் தொடங்கினால் கடைசிப் பக்கங்களில் பார் என்று முன்னுரையில் விளக்க வேண்டியிருந்தது. நம்மிடத்திலும் அப்படித்தான். மனப்பாடம் செய்ய நம்மவர்கள் வைத்திருந்தது நிகண்டு. திவாகரம் என்ற பழைய நிகண்டு எடுத்த எடுப்பில் தெய்வப் பெயர், அப்புறம் மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள் வாரியாகப் போகும், அதுவும் பாட்டாக. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை அகர வரிசையில் அமைத்தது, சொல்லைச் சட்டென்று தேடி எடுக்கத்தான்.

அப்படியானால் ஆத்திசூடி எப்படி மனதில் நிற்கிறது என்று ஒரு மாணவி மடக்கினாள். நல்ல கேள்வி. அதில் 'அ' என்றால் அறம் செய விரும்பு, 'ஆ' என்றால் ஆறுவது சினம். ஓர் எழுத்துக்கு ஒரே ஒரு வரி. எழுத்தைச் சொன்னால் வரி தானாக வரும். 'அ'வில் ஐம்பது வரி பாடியிருந்தால் ஒளவையையே நாம் மறந்திருப்போம்.

சரி, என்ன செய்வது? ஜோடியில் ஒன்றை மட்டும் முதலில் எடுங்கள், மற்றதன் பக்கம் திரும்பவே வேண்டாம். மருந்துச் சீட்டை நாம் எல்லோருமே பிரிஸ்க்ரிப்ஷன் என்றுதான் சொல்கிறோம். அதில் இருக்கிற பி-ஆர்-இயைப் பிடித்துக்கொண்டால் பிரிஸ்க்ரைப் எங்கும் போகாது. சில வாரம் போகட்டும். அரசு ஓர் அமைப்பைத் தடை செய்த செய்தி ஆங்கிலப் பேப்பரில் வரும்போது புரோஸ்க்ரைபை அந்த வாக்கியத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது தானாக நாக்கில் வராத வரை இரண்டாவது வேண்டாம்.

முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து அர்த்தம் ஊகிப்பது

'ஐ-என்' வந்தால் 'இல்லை' என்று அர்த்தம் என யாரோ சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். பெட்ரோல் டேங்கர் பின்னால் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். தீப்பிடிக்காது என்று நினைத்துப் பக்கத்தில் பீடி பற்றவைக்கவா? எளிதில் தீப்பற்றும் என்று அர்த்தம். ஃபிளேமபிளுக்கும் அதே அர்த்தம்தான். இன்வேல்யுபிள் என்றாலும் மதிப்பில்லாதது கிடையாது, விலைமதிப்பற்றது.

கண்ணால் மட்டும் படிப்பது

முழங்கால், கத்தி இரண்டுக்குமான ஆங்கிலச் சொல் 'கே' பக்கத்தில் இருக்கும், காதில் விழுவது 'ந'. சைக்காலஜி 'பி' பக்கம், ஹானஸ்ட் ஒலியில் 'ஆ'. வாய்விட்டுப் படிக்காதவர்கள் இன்டர்வியூவில் முழிப்பார்கள்.

ஒரு வார்த்தைக்கு ஒரே தமிழ் அர்த்தம்

ஃபைன் என்றால் 'நலம்' என்று மட்டும் எழுதி வைத்தவன், டிராஃபிக் போலீஸ் போடுகிற ஃபைனுக்கு என்ன எழுதுவான்?

அரிய வார்த்தைப் பைத்தியம்

தள்ளிப் போடுவதற்கு புட் ஆஃப், பொறுத்துக்கொள்வதற்கு புட் அப் வித் என்பது தெரியாதவருக்கு, அழகைச் சொல்லப் பல்க்ரிட்யூட் எதற்கு?

முதல் எழுத்தை ஒரேயடியாகத் தூக்கி எறிவது

நான் திட்டுவதைக் கேட்டுவிட்டு, சிலர் அடுத்த வாரமே இந்தக் கோடிக்குப் போய்விடுகிறார்கள். அதுவும் தப்பு. 1966இல் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், வார்த்தை நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது என்று தவிக்கிறவர்களைச் சோதித்தார்கள். வார்த்தை வராவிட்டாலும் அதன் முதல் எழுத்தைப் பாதிக்கு மேற்பட்ட தடவை சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே உள்ளே போன வார்த்தையை வெளியே இழுக்க முதல் எழுத்து நல்ல பிடி.

இன்னோர் இடமும் உண்டு. பார்ட் அண்ட் பார்சல், ஹேல் அண்ட் ஹார்ட்டி, சேஃப் அண்ட் சவுண்ட். நம் மோனைதான் இது. பழமொழி நாக்கில் ஒட்டுகிற மாதிரியே இவையும் ஒட்டும். இரண்டு சொல்லும் சேர்ந்தே ஒரு அர்த்தம் தருவதால் ஒன்றுக்கொன்று குழம்ப வழியில்லை. இவற்றை எழுத்து வாரியாகவே படிக்கலாம்.

வகுப்பு முடிகிற நேரத்தில் ஒரு விளையாட்டு வைப்பேன். நான் ஓர் எழுத்தைச் சொல்வேன், ஏற்கெனவே படித்த வார்த்தையை ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல வேண்டும். வெறும் வார்த்தை செல்லாது, வாக்கியத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். சி எழுத்து வந்தால் யாராவது ஒருவர் கண்டிப்பாகக் காம்ப்ளிமென்ட் என்பார். உடனே அவரை எழுப்பி ஸ்பெல்லிங் கேட்பேன்: எல்லுக்கு அடுத்து இ-யா, ஐ-யா? இ என்றால் ஒன்றை நிறைவாக்குவது, ஐ என்றால் பாராட்டு. சொன்ன வாக்கியத்துக்கும் ஸ்பெல்லிங்குக்கும் பொருந்தவில்லை என்றால் அவர் அவுட்.