பூர்வகுடிச் சமூக மருந்தகத்தில் பணியாற்ற: சிங்கப்பூர் மருத்துவர்களுக்கு

ஆஸ்திரேலியாவின் தொலைதூரப் பூர்வகுடிச் சமூகங்களில் பணியாற்ற விரும்பும் சிங்கப்பூர் மருத்துவர், சேவைப் பிணைப்பு (அரசு மானியத்தில் படித்ததற்கு ஈடாகச் சிங்கப்பூரில் பணியாற்றும் கடப்பாடு) இருந்தால் முதலில் அதை முடித்துவிட வேண்டும். அதன் பிறகு அந்நாட்டு மருத்துவ வாரியத்தில் பதிவுசெய்யும் வேலையில் இறங்கலாம். வெளிநாட்டில் பயின்றவர்கள் மெடிகேர் என்ற அரசுச் சுகாதாரக் காப்புறுதித் திட்டத்தின் கட்டணம் பெறுவதற்கு, 1973ஆம் ஆண்டுச் சுகாதாரக் காப்புறுதிச் சட்டத்தின் 19ஏபி பிரிவு பொதுவாகப் பத்தாண்டு காலம் மருத்துவர் பற்றாக்குறையுள்ள வட்டாரங்களையே அனுமதிக்கிறது. சிட்னியில் மருந்தகம் திறக்க நினைப்பவருக்கு இது தடை. பாலைவனத்துக்குச் செல்பவருக்கு இதனால் இழப்பில்லை. வட பிரதேசத்தில் பூர்வகுடி நிலங்களுக்குள் நுழைய அனுமதிச்சீட்டு தேவைப்படுவதால், அதைப் பயணத்துக்கு முன்பே வேலை தரும் அமைப்பின் வழியாகப் பெற்றுக்கொள்ளுங்கள். பல சமூகங்களில் மதுவுக்குத் தடை உண்டு என்பதால் பெட்டியில் என்ன வைக்கிறோம் என்பதிலும் கவனம் தேவை.

சிங்கப்பூரின் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைச் சுற்றியே வேலை நடக்கும். பூர்வகுடிச் சமூகத்திலோ மருந்தகத்தைத் தாங்குபவர்கள் தாதியரும், 2012 முதல் தேசிய அளவில் பதிவுபெறும் பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளர்களுமே, மருத்துவர் வந்துபோகிறவர். ஆகவே யார் யாருக்கு உறவு, எந்த வீட்டில் துக்கம், எந்தக் குழந்தை ஊசிக்கு வரவில்லை என்பதை அவர்களிடம் கேட்டறிந்த பிறகே நோயாளியைப் பாருங்கள். தொலைதூர மருந்தகங்களுக்கென எழுதப்பட்ட, அவர்கள் பின்பற்றும் 'கார்ப்பா' சிகிச்சைக் கையேட்டை நீங்களும் பின்பற்றுவது நல்லது. நம் ஊர் மருத்துவமனையின் வழக்கத்தை அங்கே கொண்டுபோய் நிறுவ முயல்வது குழப்பத்தையே தரும்.

நாம் பாடநூலில் மட்டுமே படித்த வாதக் காய்ச்சல் அங்கே அன்றாட நோய். நெரிசலான வீடுகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொண்டையிலும் சிரங்குப் புண்ணிலும் தங்கிப் பரவ, அதைத் தொடரும் காய்ச்சல் இதய வால்வுகளைச் சிதைக்கிறது. மூட்டுவலியோடு காய்ச்சல் கண்ட சிறுவனுக்கு உடனே ஐபுப்ரோஃபென் கொடுத்துவிடாதீர்கள். வலி மூட்டுக்கு மூட்டு இடம்மாறும் அடையாளம் மறைந்து நோய் தப்பிவிடக்கூடும் என்பதால், நோய் உறுதியாகும் வரை பாராசிட்டமாலே போதும். உறுதியானவர்களுக்குப் பொதுவாக 28 நாளுக்கு ஒருமுறை பென்சத்தீன் பென்சில்பெனிசிலின் ஊசியைப் பல ஆண்டுகள் போட வேண்டும். ஊசி வலி மிகுந்தது. சிறுவர்கள் ஒளிந்துகொள்வதில் வியப்பில்லை. தவணை தவறினால் காய்ச்சல் மீண்டும் வந்து வால்வு மேலும் கெடும் என்பதால், மருந்தகத்துக்கு வரச் சொல்லிக் காத்திராமல் வீடு தேடிச் செல்லும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். சிறுநீரக நோயும் நீரிழிவும் மிகுதி. மாறாக, மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் மழைக்காலத்தில் வட பகுதியில் தலைதூக்கும் மெலியாய்டோசிஸ் சிங்கப்பூர் மருத்துவருக்குப் பழகிய நோய்தான்.

பேச்சில் நிதானம் வேண்டும். கேள்விக்கு உடனே பதில் வராவிட்டால் அடுத்த கேள்வியை அடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் வரும் 'ஆம்' பல வேளைகளில் மரியாதையே, சம்மதம் அன்று. ஆகவே ஆம், இல்லை என்று முடியாத வகையில் கேளுங்கள், அறுவை சிகிச்சை போன்ற முடிவுகளுக்கு மொழிபெயர்ப்பாளரை அழையுங்கள். உறவினர் ஒருவரையே மொழிபெயர்க்கச் சொல்வதில் சிக்கலுண்டு: மருமகன் மாமியாரோடு நேர்முகம் பேசாத வழக்கம் பல குழுக்களில் உள்ளது. பெண்களின் உடல்நலச் செய்தியை ஆண் மருத்துவர் கேட்பதும் பொருந்தாது. அதைப் பெண் பணியாளரிடம் விட்டுவிடுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்வதைத் தவிர்ப்பது வழக்கமாதலால், பழைய பதிவேட்டிலிருந்து பெயரை உரக்கப் படிக்காதீர்கள்.

அவசரநிலையில் நோயாளியை விமானத்தில்தான் அனுப்ப வேண்டியிருக்கும். விமானம் வந்துசேரப் பல மணி நேரம் ஆகலாம் என்பதால், சந்தேகம் எழுந்தவுடனேயே தொலைபேசியில் மூத்த மருத்துவரை அழைத்துவிடுங்கள், உறுதியாகும் வரை காத்திருக்க வேண்டாம். பணி முடிந்து கிளம்புமுன், ஊசித் தவணை நெருங்கியவர்கள், பரிசோதனை முடிவு வராதவர்கள், நகர மருத்துவமனைக்குச் சென்று இன்னும் திரும்பாதவர்கள் ஆகியோரின் விவரங்களை எழுதி, அங்கேயே தங்கியிருக்கும் சுகாதாரப் பணியாளரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கொடுங்கள்.