நாயின் காதில் வாடை வந்ததும் பழைய சொட்டு மருந்தை எடுக்காதீர்கள்

லாப்ரடார், காக்கர் ஸ்பானியல், ஷிட்சு வளர்ப்பவர்களுக்கு இந்த வாடை தெரிந்திருக்கும். காதைத் தூக்கினால் புளித்த நாற்றம், பழுப்பு நிறக் குறும்பி. நாய் தலையை உதறிக்கொண்டே இருக்கும், விரலிடுக்கை நக்கி நக்கிச் சிவக்க வைத்திருக்கும். பல நேரம் இதற்குக் காரணம் மலசீசியா என்கிற ஈஸ்ட், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை. ஆனால் அது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதல்ல. ஆரோக்கியமான நாயின் தோலிலும் காதிலும் கொஞ்சமாக எப்போதும் இருப்பதுதான். ஈரம், எண்ணெய்ப் பசை, அலர்ஜி என்று ஏதோ ஒன்று இடம் கொடுக்கும்போது பெருகிவிடுகிறது.

இதை மறந்துவிட்டு ஈஸ்ட்டோடு மட்டும் சண்டை போடுவதுதான் பெரிய தவறு. மருந்து போட்டதும் அடங்கும், நிறுத்தியதும் திரும்பும். அப்படித் திரும்பத் திரும்ப வந்தால் அடியில் வேறொன்று இருக்கிறது: தெள்ளுப்பூச்சி, தூசி அல்லது உணவு அலர்ஜி, நடுத்தர வயது நாய்களில் தைராய்டு குறைபாடு. உணவில் சந்தேகம் இருந்தால் குறைந்தது 8 வாரமாவது மருத்துவர் சொல்லும் உணவைத் தவிர வேறெதுவும் தரக்கூடாது. நடுவில் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் சோதனை வீண். சோற்றை நிறுத்தினால் ஈஸ்ட் பட்டினி கிடந்து செத்துவிடும் என்று சொல்வதை நம்ப வேண்டாம்.

அடுத்தது, போன முறை மிஞ்சிய சொட்டு மருந்து. பாக்டீரியா, காதுப்பூச்சி (காதுக்குள் வாழும் நுண்ணிய உண்ணி), ஈஸ்ட் மூன்றும் வெளியில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பஞ்சால் ஒற்றி எடுத்துச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஈஸ்ட் என்றால் நிலக்கடலை வடிவச் செல்கள் தென்படும். இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்றும் மருத்துவர் பார்க்க வேண்டும். கிழிந்த காதில் சில மருந்துகள் உள்ளே இறங்கினால் கேட்கும் திறனும் உடம்பின் சமநிலையும் கெடலாம். தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தாலோ நடை தள்ளாடினாலோ வீட்டில் எதையும் ஊற்றாமல் உடனே கிளம்புங்கள்.

பட்ஸ் விட்டுக் குடைவது அழுக்கை இன்னும் ஆழத்தில் தள்ளும். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புண்ணான காதில் எரியும். தேங்காய் எண்ணெயும் வேப்பெண்ணெயும் ஏற்கெனவே பிசுபிசுத்த தோலில் மேலும் பசையைத்தான் சேர்க்கின்றன. மனிதர்களுக்கான படர்தாமரை கிரீம்களும் வேண்டாம். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும், நாய் அதை நக்கி விழுங்கியும் விடும்.

சரியான ஷாம்புவைக்கூடப் பலர் வீணாக்குகிறோம். க்ளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் தலா 2 சதவீதம் கலந்த ஷாம்பு நன்றாக வேலை செய்யும், ஆனால் தேய்த்தபின் 10 நிமிடம் ஊற விட்டால்தான். பொதுவாக வாரம் இருமுறை. காதுக்குள் மட்டும் போகக்கூடாது. குளிப்பாட்டியபின் விரலிடுக்கு, அக்குள், தொடை மடிப்பு எல்லாம் ஈரமில்லாமல் துவட்டுங்கள். நாற்றம் போனதும் நிறுத்திவிடாமல், மருத்துவர் மறுபடி பார்த்துச் சொல்லும்வரை தொடருங்கள்.

பூனைக்கு நாயின் மருந்தைப் பங்கு போடவே வேண்டாம். டீ ட்ரீ ஆயிலும், நாய்களுக்கான பெர்மெத்ரின் தெள்ளு மருந்தும் பூனைக்கு விஷம். குட்டிப் பூனையின் காதில் காப்பித்தூள் போல் கருப்பாக இருந்தால், ஈஸ்ட்டைவிடக் காதுப்பூச்சியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வயதான பூனைக்கு உடம்பெங்கும் ஈஸ்ட் பரவுவது சில சமயம் கணையப் புற்றுநோய் போன்ற உள்நோயின் வெளி அடையாளம். அங்கே ஷாம்புவோடு நிற்காமல் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தேவையா என்று கேளுங்கள்.